'அப்பீல்ல பாத்துக்கலாம்' என்று நம்பலாமா? தண்டனைக்குப் பிறகு ஆதாரங்களுக்கு என்ன ஆகிறது?

செஞ்சி மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒருவருக்குச் சிறைத் தண்டனை விதித்தால், 30 நாட்களுக்குள் விழுப்புரம் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அமர்வு நீதிமன்றமே தண்டித்திருந்தால், அடுத்து சென்னை உயர் நீதிமன்றம். மரண தண்டனை இல்லாத வழக்குகளில் அதற்கு 60 நாள் அவகாசம்.

இத்தனை படிகள் இருப்பதால்தான் 'இங்க தோத்தா என்ன, மேல பாத்துக்கலாம்' என்ற தைரியம் பலருக்கு வருகிறது. ஆனால் மேல்முறையீடு என்பது இன்னொரு முழு விசாரணை இல்லை. கீழே பதிவான சாட்சியங்களைத்தான் மேலே மறுபடி எடை போடுவார்கள்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால்?

2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த, ஹரியானாவின் சோனு வழக்கைப் பாருங்கள். போன் அழைப்பு விவரங்கள் உரிய சான்றிதழ் இல்லாமல் தாக்கலாகியிருந்தன. மேல்முறையீட்டில் அதை எதிர்த்தபோது, 'விசாரணையிலேயே ஆட்சேபித்திருந்தால் அரசுத் தரப்பு குறையைச் சரிசெய்திருக்கும், இப்போது கேட்க முடியாது' என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு. தண்டனை உறுதியானது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு இன்னும் கறார். வாட்ஸ்அப் சாட், சிசிடிவி என எதுவானாலும் இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் வேண்டும். ஒன்றைத் தாக்கல் செய்பவர் தர வேண்டும், மற்றொன்றை நிபுணர் தர வேண்டும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது.

பேரறிவாளன் வழக்கு சொல்வது என்ன?

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாகச் செல்லாது. தடா சட்டம் இதற்கு விதிவிலக்கு தந்தது: எஸ்.பி. பதிவு செய்தால் செல்லும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது, நேராக உச்ச நீதிமன்றம். 1999 மே மாதம் 19 பேர் விடுதலையானார்கள். தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்றது நீதிமன்றம். ஆனால் அதே தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றது!

இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், கைதானபோது 19 வயது. அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013-ல் ஓர் உண்மையை வெளியே சொன்னார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய மனு 2018-ல் தள்ளுபடியானது. 2022 மே 18-ல் அவர் விடுதலையானதும் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின்கீழ்தான். அவர் நிரபராதி என்று நீதிமன்றம் அப்போதும் சொல்லவில்லை.

கதவு இருக்கிறது, திறக்க வேண்டும்

மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் பெற சட்டம் அனுமதிக்கிறது. பழைய சட்டத்தில் 391-வது பிரிவு, புதிய பிஎன்எஸ்எஸ்-ல் 432. ஆனால் விட்ட ஓட்டைகளை அடைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றங்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. போலீஸையும் தடயவியல் கூடத்தையும் கையில் வைத்திருக்கும் அரசுத் தரப்புக்கு அந்தக் கண்டிப்பு நியாயம். சிறைக்குள் இருந்து வழக்கு நடத்தும் ஏழைக்கும் அதே அளவுகோல் என்பது நியாயமா? தண்டனையையே அசைக்கக்கூடிய சாட்சியம் வந்தால், தாமதத்தைக் காரணம் காட்டாமல் கேட்பதுதான் முறை.

அதுவரை நம் கையில் இருப்பது இவ்வளவுதான்: வழக்கு என்று வந்தால் போனை ஃபார்மட் செய்யாதீர்கள், மாற்றாதீர்கள். ஆவணம் குறியீடு செய்யப்படும் அன்றே ஆட்சேபம் பதிவாகிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. அந்த எண்ணை அழைக்க வேண்டியது விசாரணையின் முதல் நாளில், தீர்ப்புக்குப் பிறகு அல்ல.