இடைநினைவகத்தைத் தாண்டலாமா?

கணிப்பொறியில் ஒரு கட்டுரையை எழுதி, 'சேமி' என்று ஆணையிடுகிறோம். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிட்டதாகத் திரை சொல்கிறது. ஆனால் அந்த எழுத்துகள் வட்டுக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். இயங்குதளம் அவற்றை நினைவகத்தின் ஒரு பகுதியில் வாங்கி வைத்து, பிறகு மொத்தமாக வட்டில் எழுதுகிறது. அப்பகுதியே இடைநினைவகம். லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி சுமார் 30 விநாடிகள் வரை தகவல் அங்கே காத்திருக்கக்கூடும்.

ஏன் இந்தத் தாமதம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டுக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் எழுதுமுனையின் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி விநாடி பிடிக்கும். நினைவகத்துக்கோ மில்லி விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே போதும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால்காரர் தனித்தனியே ஓடுவதில்லை. பெட்டியில் சேர்ந்ததை மொத்தமாக எடுத்துச் செல்கிறார். இடைநினைவகமும் அப்படித்தான்.

இந்தப் பெட்டியைத் தவிர்த்து நேரே வட்டுக்கு எழுதும் வழியும் உண்டு. லினக்ஸில் 2001-இல் 'ஓ-டைரக்ட்' என்ற பெயரில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. மைசீக்வல் போன்ற தரவுத்தள நிரல்கள் தமக்கென்று தனி இடைநினைவகம் வைத்திருக்கின்றன. ஒரே தகவல் நினைவகத்தில் இரண்டு இடங்களை அடைத்துக்கொள்வது வீண் அல்லவா? அவற்றுக்கு நேர்வழி நன்மையே.

மற்ற நிரல்களுக்கு? ஒவ்வொரு முறை எழுதும்போதும் வட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். தகவலை 512 அல்லது 4,096 பைட்டுகளின் மடங்காக ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். எழுதியதை உடனே படிக்க விரும்பினாலும் மீண்டும் வட்டுக்கே போக வேண்டும்.

நேரே எழுதினால் மின்தடைக்கு அஞ்ச வேண்டாம் என்று பலர் நினைக்கின்றனர். இது தவறு. வட்டுக்குள்ளேயே ஒரு சிறு இடைநினைவகம் இருக்கிறது. மின்சாரம் நின்றால் அதில் உள்ளது அழிந்துபோகலாம். தகவல் நிலையாகப் பதிந்ததை உறுதிசெய்யும் ஆணை 'எஃப்சிங்க்' என்பதாகும். வங்கிக் கணக்கோ தேர்வு மதிப்பெண்ணோ, இழக்கக்கூடாத எதற்கும் இந்த ஆணையே தேவை.

என் கருத்து இதுதான்: இடைநினைவகத்தைத் தாண்ட நினைப்பவர், அதைவிடச் சிறந்த ஏற்பாடு தம்மிடம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 4,096 பைட்டுகள் கொண்ட 1,000 துண்டுகளை இரு வழிகளிலும் எழுதி நேரத்தை அளந்து பாருங்கள். ஊகத்தைவிட அளவீடே நல்ல ஆசிரியர்.