உறைபனியில் ஒரு வாளி வெந்நீர்



'சில்லா' என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. நாற்பது நாட்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டவரைச் 'சில்லா போயிருக்கிறார்' என்கிறோம். நாற்பதைக் குறிக்கும் அதே பார்சிச் சொல்லைக் கொண்டுதான் காஷ்மீர மக்கள் தங்கள் கடுங்குளிர் காலத்திற்கும் பெயர் சூட்டியுள்ளனர். டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி ஜனவரி இறுதி வரை நீளும் நாற்பது நாட்களுக்குச் 'சில்லை கலான்', அதாவது பெரிய நாற்பது என்று பெயர். அதன்பின் வரும் 20 நாட்கள் 'சில்லை குர்து'. அதற்கும் பின்னர் 10 நாட்கள் 'சில்லை பச்சா', குழந்தைக் குளிர். 2024ஆம் ஆண்டில் சில்லை கலான் பிறந்த இரவிலேயே ஸ்ரீநகரில் வெப்பம் பூஜ்யத்திற்குக் கீழே 8.5 டிகிரிக்கு இறங்கிற்று. டிசம்பர் மாதத்தில் அத்தகைய குளிரை அந்நகரம் ஐம்பது ஆண்டுகளாகக் கண்டதில்லை. குழாய்களில் நீர் உறைந்தது. தால் ஏரியின் ஓரங்கள் கண்ணாடியாயின.

இத்தகைய நாட்களில் மனிதன் எப்படியோ தன்னைக் காத்துக்கொள்கிறான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பிரன் என்னும் கம்பளி அங்கி, அதற்குள் அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் தீச்சட்டி, பள்ளிவாசல்களில் தரைக்கடியில் விறகெரித்துச் சூடேற்றும் ஹம்மாம், ஒளுச் செய்ய வெந்நீர் என்று அவனுக்கு வழிகள் பல. அவ்வீட்டையே நம்பி வாழும் ஆடும் கோழியும் என்ன செய்யும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜனவரி மாதத்தின் கடைசி வாரத்தில், பட்காம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஐந்து நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பழைய பாணி வீடு. கீழ்த்தளம் முழுதும் தொழுவம், மேல்தளத்தில் மனிதர்கள். கீழே நிற்கும் கால்நடைகளின் உடற்சூடு மேலேறி அறைகளுக்கும் சிறிது கதகதப்பைத் தரும் என்பதால் முன்னோர் அவ்வாறு கட்டினர். நான்கு செம்மறிகள், இரண்டு வெள்ளாடுகள், ஒன்பது கோழிகள். இவற்றின் பொறுப்பு முழுவதும் நண்பரின் தாயாருடையது. அவர் செய்ததைக் கண்டும், பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

குளிர்காலத்தில் தாகம் இராது என்று நினைக்கிறோம். நம்மைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆட்டின் நிலை வேறு. கோடையிலும் மழைக்காலத்திலும் அது மேயும் பசும்புல்லில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு நீர்தான். தின்னும்போதே பாதித் தாகம் தீர்ந்துவிடும். பனிக்காலத்திலோ அதற்குக் கிடைப்பது உலர்ந்த புல், வைக்கோல், காய்ந்த வில்லோ இலை. இவற்றில் நீர் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான். ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும் ஆட்டுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் நீராவது வேண்டும். பால் கொடுக்கும் ஆட்டுக்கு இன்னும் கூடுதல். ஆகவே தொட்டி நீர் கல்லாக உறையும் அந்த நாட்களில்தான் ஆட்டுக்குத் தொட்டியின் தேவை மிகுதி.

நீர் குறைந்தால் முதலில் குறைவது தீனி. ஆட்டின் பெருவயிற்றில் நார்த்தீவனம் புளித்துச் செரிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. காஷ்மீரத்து மக்கள் அங்கிக்குள் காங்கிரியைச் சுமப்பது போல ஆடு தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு கணப்பைச் சுமந்து நடக்கிறது. நீரின்றி அது தீனியை மறுத்தால் அந்தக் கணப்பும் தணிந்துவிடும். விடியலில் விறைத்துக் கிடக்கும் ஆட்டைக் குளிர் கொன்றதென்று சொல்கிறோம். பல நேரங்களில் முந்தைய இரண்டு நாட்களின் உறைந்த தொட்டியே அதற்குக் காரணமாக இருந்திருக்கும்.

மங்கோலியரின் மொழியில் இதற்குச் சான்று உண்டு. கால்நடைகளைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும் குளிர்காலப் பேரிடரை அவர்கள் 'ஸுத்' என்பர். பெரும்பனி பொழிந்து புல்லை மூடிவிட்டால் அது 'வெள்ளை ஸுத்'. பனியே பொழியாமல், கடுங்குளிரில் நீர்நிலைகள் உறைந்து, மந்தைகள் குடிக்க வழியின்றி மடிந்தால் அது 'கறுப்பு ஸுத்'. உறைபனிக் காலத்துத் தாகத்துக்கென்றே தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு அம்மக்கள் அதனிடம் பட்டிருக்கிறார்கள்.

"சுற்றிலும் பனி கிடக்கிறதே, அதைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று நானும் கேட்டேன். மேய்ச்சல் வெளியில் உலவும் செம்மறிகள் மென்பனியைத் தின்று சமாளிப்பது உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். உருகிய நீரை ஆட்டின் உடற்சூடாகிய 39 டிகிரிக்கு உயர்த்த மேலும் 39. அவ்வளவும் அதன் தீனியிலிருந்து, அல்லது உடலில் சேர்த்த கொழுப்பிலிருந்து வரவேண்டும். ஒரு லிட்டர் நீர் பெறுவதற்கு ஏறத்தாழப் பத்து லிட்டர் அளவு புதுப்பனியை அது விழுங்கியாகவும் வேண்டும். கொட்டிலில் கட்டிப்போட்ட, சினையுற்ற ஆட்டால் இது ஆகுமா? தாகம் பொறுக்காமல் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். பனியை நக்கி நிற்கும் ஆட்டைக் கண்டபோது எனக்கு அந்த நாய்தான் நினைவுக்கு வந்தது.

நண்பரின் தாயார் நாளொன்றுக்கு மூன்று முறை நீர் காட்டினார். சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் ஹம்மாமின் செப்புக் கொப்பரையிலிருந்து வெந்நீர் முகந்து, கிணற்று நீருடன் கலந்து, புறங்கையில் விட்டுப் பார்த்து எடுத்துச் செல்வார். குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்திற்குச் சற்றுக் குறைவான சூடு. லுஹருக்குப் பின் ஒரு முறை. மஃரிபுக்கு முன் ஒரு முறை. பற்கூசும் நீரை இரண்டு மடக்கோடு விட்டுவிடும் ஆடு, இளஞ்சூடான நீரை வாளி காலியாகும் வரை உறிஞ்சும். குடித்து முடித்ததும் எஞ்சிய நீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைப்பார். இரவு முழுதும் நீரை விட்டுவைத்து, காலையில் கடப்பாரை கொண்டு பனிக்கட்டியை உடைப்பதைவிட இது எளிது.

தொட்டி எதனால் ஆனது என்பதும் முக்கியம். இரும்பு விரைவில் சூட்டை இழக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் குளிரில் நொறுங்கும். நம் ஊர்களில் பழைய டயரில் செய்து விற்கிறார்களே, அந்தக் கறுப்புத் தொட்டி போன்ற ரப்பர் பாத்திரம் மிகச் சிறந்தது. உறைந்தாலும் தலைகீழாகக் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி முழுதாக வெளியே விழும். தொட்டியைச் சுற்றி வைக்கோலை அடைத்து, மேலே ஒரு மரப்பலகையை மிதக்கவிட்டால் உறைவது சற்றுத் தாமதமாகும். உப்புநீர் நிரப்பி மூடிய புட்டியைத் தொட்டியில் மிதக்கவிட்டால் நீர் உறையாது என்று சிலர் சொல்வர். புட்டிக்குள் இருக்கும் நீர் உறையாதிருக்கலாம். வெளியே இருப்பது உறைந்தே தீரும். வாகனத்தில் ஊற்றும் உறைதடுப்பு மருந்தைத் தொட்டியின் அருகே கொண்டுசெல்லவே கூடாது; அது நஞ்சு.

கடாக்களை வைத்திருப்போர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். குறைவாக நீர் குடித்து, தானியம் மிகுதியாகத் தின்னும் கடாவுக்குச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கும். முதுகை வளைத்து, முக்கி, துளித்துளியாகச் சிறுநீர் விட்டுக் கதறினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இது இடந்தராத நோய். நக்குவதற்கு உப்புக்கட்டி கட்டித் தொங்கவிட்டால் ஆடு தானாகவே கூடுதலாக நீர் குடிக்கும். ஆனால் நீரை மறந்து உப்பை மட்டும் வைப்பது அதற்குச் செய்யும் துரோகம்.

கோழிக்குத் தேவை நாளைக்குக் கால் லிட்டர்தான். அதையும் அது ஒரே மூச்சில் குடிப்பதில்லை. தீனிக்கு இடையிடையே சிறிது சிறிதாகக் குடிக்கும். ஆகையால் பகலில் சில மணி நேரம் கிண்ணம் உறைந்து கிடந்தாலே தீனி குறையும், முட்டையும் குறையும். இரண்டு கிண்ணங்கள் வைத்துக்கொண்டு, ஒன்று அடுப்படியில் உருகும்போது மற்றொன்றைக் கூட்டில் வைப்பது அவ்வீட்டு வழக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசம்பரில் அங்குப் பகற்பொழுதே பத்து மணி நேரந்தான். நன்றாக முட்டையிடப் பதினான்கு மணி நேர வெளிச்சமாவது வேண்டும் என்பதால், முட்டை குறைந்ததற்கெல்லாம் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை. கோழி உறங்கும் கழி உருண்டையாக இல்லாமல் பட்டையான பலகையாக இருந்தால், அது தன் விரல்களை இறகால் மூடி உட்கார்ந்து உறையாமல் காத்துக்கொள்ளும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் இரவு தொழுவத்திற்குள் எட்டிப் பார்த்தேன். கூரையை ஒட்டி ஒரு சாண் உயரத்திற்குச் சுவரின் நீளம் முழுதும் திறந்து கிடந்தது. பனிக்காற்று நுழைகிறதே என்று இரங்கி, கிடைத்த கோணிகளையெல்லாம் அதில் திணித்துவிட்டுப் பெரும் புண்ணியம் செய்தவனைப் போலப் படுத்துறங்கினேன். காலையில் சுவரின் உட்புறம் வெண்பனி படர்ந்திருந்தது. உத்திரங்களிலிருந்து நீர் சொட்டிற்று. உள்ளே குனிந்ததும் கண்ணெரிந்தது. சேவலின் கொண்டை நுனி வெளுத்துக் கிடந்தது.

அம்மூதாட்டி கோணிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, "பேட்டா, குளிர் இவற்றுக்குப் பழக்கம். ஈரந்தான் ஆகாது. இவை விட்ட மூச்செல்லாம் போக வழியின்றி இவற்றின் மேலேயே விழுந்திருக்கிறது" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அதுவே எனக்குக் கூடுதல் வெட்கத்தைத் தந்தது.

மூச்சும் சாணமும் சிறுநீரும் சேர்ந்து ஓரிரவில் கொட்டிலுக்குள் எவ்வளவு ஈரத்தைக் கொட்டுகின்றன என்பது நமக்குப் புரிவதில்லை. ஈரம்பட்ட கொண்டைதான் முதலில் உறைகிறது. ஈரம்பட்ட கம்பளி சூட்டைக் காப்பதில்லை. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா நுரையீரலைத் தின்கிறது. கால்நடை படுக்கும் உயரத்தில் காற்று வீசக் கூடாது. தலைக்கு மேலே காற்று வெளியேறியே ஆகவேண்டும். தரையில் நாள்தோறும் புது வைக்கோலை மேலே மேலே பரப்பிக்கொண்டே போனால் அடியிலுள்ள படுகை மக்கி இளஞ்சூடு தரும். அதன்மேல் ஒரு நிமிடம் முழந்தாளிட்டுப் பாருங்கள். உங்கள் உடை நனைந்தால் ஆடும் நனைகிறது என்று பொருள்.

கணப்பைக் கொண்டுபோய்த் தொழுவத்தில் வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. காய்ந்த வைக்கோலுக்கு ஒரு பொறி போதும். கரிப்புகை சூழ்ந்து மனிதர்களே உறக்கத்தில் மாண்டுபோன செய்திகள் அப்பள்ளத்தாக்கிலிருந்து வருவதுண்டு. கனடாவிலும் பிரிட்டனிலும் குடியேறி வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கும் நம் உறவினர்கள், சூடுதரும் மின்விளக்கைக் கூட்டுக்குள் தொங்கவிடுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீர்க்கிண்ணத்திற்கு அடியில் வைக்கும் சிறு மின்தட்டு அதைவிடப் பாதுகாப்பானது.

நான் புறப்பட வேண்டிய நாளன்று, பருவத்திற்குச் சற்று முன்னதாகவே ஒரு செம்மறி ஈன்றது. பிறந்த குட்டியின் காதும் வாலும் ஈரமாக இருக்கும். துடைக்கத் தாமதித்தால் அவை உறைந்து உதிர்ந்துவிடும். அம்மையார் தம் பழைய பிரனைக் கிழித்துக் குட்டியைத் தேய்த்துத் துடைத்தார். அது எழுந்து நிற்கும் முன்பே மடியைக் கறந்து அடைப்பை நீக்கி, முதல் சீம்பாலை அதன் வாயில் பீய்ச்சினார். பின்னர் அடுப்பிலிருந்த வெந்நீரை அப்படியே வாளியில் ஊற்றி, தவிடும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, பதம் பார்த்துத் தாயாட்டின் முன்னே வைத்தார். அது தலை நிமிராமல் குடித்தது. அந்த நீர் எங்கள் காலைத் தேநீருக்காக வைக்கப்பட்டிருந்தது. அன்று தேநீர் அரைமணி நேரம் தாமதமாகத்தான் வந்தது.