ஒன்பது ஸ்க்ரூக்கள்

கொல்கத்தாவின் பெஹாலா சௌரஸ்தாவில் எங்கள் மேல்வீட்டுக்காரர் போன மாதம் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து, "தாதா, இதை எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். 2015-இல் வாங்கியது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அதுதான் இருக்கிறது. போட்டால் திரை வரவே நாலு நிமிடம். ஒரு கடையில், ஆயுள் முடிந்தது, புதிது வாங்குங்கள் என்றார்களாம்.

எனக்கு மனசு ஆறவில்லை. திரை, கீபோர்டு, பிராசசர் எல்லாமே நன்றாக இருந்தன. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இழுத்தது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் அதன் முனை நகர்ந்து போய்த் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. போதாததற்கு 4 ஜிபி ரேம். அது நிரம்பியதும் மிச்சத்தை அந்த மெதுவான டிஸ்கிலேயே எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது.

இரண்டையும் மாற்றிவிடலாம் என்று, சனிக்கிழமை அவர் மகளும் நானும் தர்மதலாவுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து சாந்தினி சௌக் கம்ப்யூட்டர் கடைகளுக்கு நடந்தோம். சென்னை ரிச்சி தெருவில் அலைந்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகவே தெரியாது. பழைய ரேமைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். கடைக்காரர் சீட்டைப் படித்து, 1.35 வோல்ட் டிடிஆர்3 என்றார். பக்கத்தில் ஒரு டிடிஆர்4-ஐ வைத்து, வெட்டு இருக்கும் இடம் வேறு, இது உட்காராது என்று அந்தப் பெண்ணிடம் காட்டினார். எஸ்எஸ்டியும் ரேமும் சேர்த்து, புதிய லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

கழற்றியது அவள்தான். நான் டார்ச் பிடித்தேன். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒன்பது ஸ்க்ரூவையும் அதது இடத்தில் வைக்கச் சொன்னேன். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் பிதுங்கிவிடும். மூடி திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். பிறகு இரும்பு பீரோவைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டாள். இந்த ஊர் மழைக்காலத்தில் அது அதிகம் சேராது; வறண்ட ஜனவரியில் மறக்கவே கூடாது. விசிறிக்குள் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. எங்கள் டயமண்ட் ஹார்பர் ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த வருடங்களை நினைத்துக்கொண்டேன்.

பேட்டரி உப்பியிருந்தால் அவளைத் தொட விட்டிருக்க மாட்டேன். லித்தியம் பேட்டரியில் கீறல் பட்டாலே தீப்பிடிக்கலாம். அது பழகிய கைகளுக்கான வேலை.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்காது. ஆகவே லினக்ஸ் மின்ட் போட்டோம். இப்போது இருபது நொடியில் திரை வருகிறது.

இன்று வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்காக நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. நல்லதுதான். ஆனால் பிரான்ஸில் 2021 முதல், ஒரு லேப்டாப்பைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, விலைக்குப் பக்கத்திலேயே காட்டுகிறார்கள். வாங்குமுன் தெரிய வேண்டிய விஷயம் அது. நம் கடைகளிலும் அப்படி வேண்டும்.

பழைய டிஸ்கை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். அன்றிரவே அவள் அதிலிருந்த பூஜைப் படங்களைத் திறந்து காட்டினாள். 2020-இல் இதே பெஹாலாவின் பரிஷா கிளப் பந்தலில், குழந்தையை இடுப்பில் ஏந்திய புலம்பெயர் தொழிலாளியாக நின்ற துர்க்கையும் அவற்றில் இருந்தாள்.