வரி கட்டுறது யாரு?

"வரி கட்டுறோம்ல, ஒழுங்காக் கூட்டு!" கடைத்தெருவில் இந்த அதட்டலைக் கேட்காத துப்புரவுத் தொழிலாளி இல்லை. நான் கொடுக்கிறேன், நீ வாங்கித் தின்கிறாய் என்பதுதான் இதன் பொருள். இந்தத் திமிருக்கு அடியில் கிடக்கும் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

உள்ளாட்சி தானே தண்டிக் கொள்ளும் வருமானத்தில் முக்கியமானது சொத்துவரி. அதிலும் கடைக்கும் வணிக வளாகத்துக்கும் வீட்டைவிட விகிதம் அதிகம். சென்னையில் தெருவாரியாகச் சதுர அடிக்கு ஒரு மதிப்பு வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே செங்கல், ஒரே சிமெண்டுதான். பிறகு ஏன் கடைவீதிக் கட்டடத்துக்கு மதிப்பு கூடுகிறது? சாலை, விளக்கு, சாக்கடை, வந்துபோகிற ஜனம். பத்து நாள் குப்பை அள்ளாமல் விடுங்கள், அந்த மதிப்பு என்ன ஆகிறதென்று தெரியும். முதலாளி கட்டும் வரியில் நம் சனங்களின் உழைப்பு இருக்கிறது. அதிலிருந்து ஒரு துளியைத்தான் அவர் திருப்பித் தருகிறார்.

அதையும் அவர் கைப்பணத்திலிருந்து கட்டுவதில்லை. கட்டட உரிமையாளர் முடிந்தவரை வாடகையில் ஏற்றுகிறார், கடைக்காரர் விலையில் ஏற்றுகிறார். கடைசியில் அரிசி வாங்குகிற நாமும்தான் கட்டுகிறோம், ரசீது மட்டும் கிடைக்காது. நான் வங்கிக் குமாஸ்தா. கடன் கேட்டு வருபவரிடம் "வீட்டுவரி ரசீது இருக்கா?" என்று கேட்பது என் வேலை. புறம்போக்கில் குடியிருப்பவர் பேசாமல் திரும்பிப் போவார். வாழ்நாளெல்லாம் கடைக்குக் கடை வரி கட்டிய மனுஷர், காகிதத்தில் வரி கட்டாதவர்.

இந்தக் காகிதம் பழைய ஆயுதம். வெள்ளையர் ஆட்சியில் சொத்தும் வரியும் உள்ளவருக்கே பெரும்பாலும் வாக்கு. அதனால்தான் 1928இல் சைமன் குழு முன் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார் அம்பேத்கர். பொதுப்பணத்தில் கட்டிய, பராமரிக்கப்படும் குளமும் கிணறும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டசபையில் போலே தீர்மானம் நிறைவேறியது. மகாத் நகராட்சி 1924இல் அதை ஏற்றது. 1927இல் அம்பேத்கர் அங்கே தண்ணீர் அள்ளிக் குடித்ததும் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? குளம் தனியார் சொத்து என்று வழக்குப் போட்டார்கள்! பொது என்று வந்தால் நமக்கும் பங்கு வந்துவிடும் அல்லவா? 1937இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

இன்றைக்கு வருவோம். 2022இல் தமிழக அரசு சொத்துவரியை உயர்த்தியது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு உயர்வு 150 சதவீதம். 15ஆவது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமானால் வரியைச் சீரமைக்க வேண்டும் என்றார்கள். சரி, உயர்த்தட்டும். ஆனால் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்களே, எதற்கு? குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றுதான். ஆகஸ்ட் 13 இரவு போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள்.

நிரந்தர வேலை என்றால் உடனே "நிதி இல்லை" என்பார்கள். அப்படியானால் கணக்கைக் காட்டு. வணிகக் கட்டடங்களிலிருந்து எவ்வளவு வந்தது? பெரிய கட்டடங்கள் வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு? சேரிச் சாக்கடைக்கு எவ்வளவு போனது, ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு போனது? வார்டுக் கூட்டத்திலும் கிராமசபையிலும் இதைக் கேளுங்கள், தோழர்களே. நாம் பிச்சை கேட்கவில்லை. நாம் கட்டிய வரிக்குத்தான் கணக்குக் கேட்கிறோம்.