காவலனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யார்?

மலேசிய அரசாங்கத்தார் லஞ்சத்தை ஒழிக்க 2019 ஜனவரியில் ஐந்தாண்டுத் திட்டமொன்றை வெளியிட்டனர். 2024 மே மாதத்தில் மற்றொன்றை வெளியிட்டனர். முதல் திட்டத்தால் விளைந்ததென்ன? டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் சங்கத்தாரின் அளவையில் 2019-இல் நூற்றுக்கு 53 பெற்ற நாடு, 2023-இல் 50-க்கு இறங்கிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

லஞ்சம் தலைவிதியன்று, ஏற்பாட்டின் குற்றம். தோட்டத்தில் கணக்கெழுதிப் பழகிய நாம் இதனை நன்கறிவோம். பால் நிறுப்பவனே கணக்கெழுதி, அவனே தணிக்கையும் செய்தால் எடை நேராயிருக்குமா?

2009-ஆம் ஆண்டுச் சட்டம், லஞ்ச ஒழிப்பு ஆணையத் தலைவரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படியே மாமன்னர் நியமிக்க வகை செய்தது. வழக்குத் தொடரும் அதிகாரமோ அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும் சட்டத்துறைத் தலைவரிடமே வைக்கப்பட்டது. கண்ட பலன் யாது? 2015-இல் 1எம்டிபி விசாரணை பிரதம மந்திரி நஜிப் ரசாக்கை நெருங்கியபோது சட்டத்துறைத் தலைவர் பதவியிழந்தார். அடுத்து வந்தவர் 2016 ஜனவரியில், பிரதமர்மீது குற்றமில்லையென்றார். 2018-இல் ஆட்சி மாறிய பின்னரே வழக்கு எழுந்தது. 2020-இல் உயர்நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. ஆட்சி மாறினால்தான் நீதி வருமெனில் சட்டம் எதற்கு?

அண்டையிலுள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். பிரதம மந்திரி மறுத்தாலும் ஜனாதிபதி இசைந்தால் லஞ்ச விசாரணை நடக்கலாமென 1991-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆகவே, திட்டம் தீட்டுவோர்க்கு நாம் கூறுவது ஒன்றே. ஆணையத் தலைவரைப் பார்லிமெண்டின் பொறுப்பில் நியமியுங்கள். வழக்குத் தொடுப்பவரை மந்திரிசபையினின்றும் பிரித்து வையுங்கள். வேலியின் சாவி மேய்பவன் கையிலிருக்குமட்டும் பயிர் பிழையாது.