ஐந்தொகையில் ஏறாத கடன்

தோழனே!

காரைக்குடி வீதிகளில் நடந்திருக்கிறாயா? கானாடுகாத்தானில், தேவகோட்டையில், பள்ளத்தூரில் ஒரு பிற்பகல் வேளை நின்று பார்த்திருக்கிறாயா? ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் மாளிகைகள்! முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என நீண்டுகொண்டே போகும் அழகு! இத்தாலியச் சலவைக்கல் ஒரு பக்கம். பெல்ஜியக் கண்ணாடி மறு பக்கம். அவற்றுக்கு நடுவே ஓங்கி நிற்கும் கருந்தூண்கள். தட்டிப் பார்த்தால் கல்லோ என ஐயுறுவாய். கல்லல்ல, மரம். பர்மாத் தேக்கு!

சுற்றுலா வருவோர் அந்தத் தூணருகே நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். எடுத்துக் கொள்ளட்டும். நாம் அந்தத் தூணிடம் ஒரு கேள்வி கேட்போம்: "நீ எப்படி இங்கு வந்தாய்?"

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். நாடகம் எழுதுவது என் தொழில். ஆயினும் இந்தத் தூணுக்கு நான் வசனம் எழுத வேண்டியதில்லை. வரலாறே எழுதி வைத்திருக்கிறது.

கதை பர்மாவில் தொடங்கவில்லை, தோழனே. நம் மண்ணிலேதான் தொடங்குகிறது. 1801 அக்டோபர் 24. இதே சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டது கும்பினி. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் மற்றும் பலரையும் கடல் கடத்திப் பினாங்குத் தீவுக்கு அனுப்பியது. எதிர்த்தவன் கயிற்றில், எஞ்சியவன் கப்பலில்! சீமை அடங்கியது. வாள் பிடித்த கைகள் வேலை தேடின.

கால் நூற்றாண்டு கூட ஆகவில்லை. 1824-இல் கும்பினி பர்மாவின் மீது படையெடுத்தது. அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தி நின்றவர் யார்? சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள்! அடிமைப்பட்டவனைக் கொண்டே அடுத்தவனை அடிமைப்படுத்தும் கலை அது. 1826-இல் யாந்தபோ உடன்படிக்கை. அரக்கானும் தெனாசரிமும் பறிபோயின. போதாதென்று 10 லட்சம் பவுன் தண்டமும் கட்டச் சொன்னான். வீடு புகுந்தவன், வீட்டுக்காரனிடமே கூலி கேட்டான்!

1852-இல் இரண்டாம் போர். கீழ்ப் பர்மா முழுவதும் வெள்ளையன் கைக்குப் போயிற்று. 1885-இல் மூன்றாம் போர். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? தேக்கு! பம்பாய் பர்மா வாணிபக் கழகம் என்ற ஆங்கிலக் கம்பெனி, வெட்டிய மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று மண்டலை அரசவை குற்றம் சாட்டியது. 23 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. மரக்கணக்குக் கேட்ட மன்னனுக்கு மறுமொழியாகப் போர்க்கப்பல் வந்தது. நவம்பரிலேயே மண்டலை வீழ்ந்தது. தீபா மன்னனை நாடு கடத்தி இரத்தினகிரியில் வைத்தார்கள். 1916-இல் அங்கேயே மாண்டார். அதற்கு முன்பே, டில்லியின் கடைசி முகலாயர் பகதூர்ஷாவை ரங்கூனில் வைத்து, 1862-இல் சாகவிட்டவர்களும் அவர்களே. இந்திய மன்னனுக்குப் பர்மாவிலே கல்லறை; பர்மா மன்னனுக்கு இந்தியாவிலே கல்லறை!

அதே 1885-இன் தொடக்கத்தில், பெர்லின் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கிடும் விதிகளை எழுதி முடித்திருந்தன. ஆப்பிரிக்கர் ஒருவர் கூட அந்த மேசையில் இல்லை. காங்கோ நாடு பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் சொந்தச் சொத்தாயிற்று. ரப்பர் குறைந்தால் கையை வெட்டினார்கள் அங்கே. கண்டம் வேறு, கணக்கு ஒன்றே. அங்கே ரப்பர், இங்கே தேக்கு, நெல், எண்ணெய்.

சரி, நெல்லுக்கு வருவோம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி வேண்டும். ஐராவதி ஆற்றின் கழிமுகமோ காடும் சதுப்புமாய்க் கிடந்தது. பர்மிய உழவன் வடக்கிலிருந்து இறங்கி வந்து காட்டை வெட்டினான், காய்ச்சலில் மடிந்தான், மடிந்தவன் மகன் மறுபடி வெட்டினான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல்வயல், 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

காடு வெட்ட ஏர் வேண்டும், எருது வேண்டும், அறுவடை வரையில் சோறு வேண்டும். பணம் யார் கொடுப்பார்? ஆங்கில வங்கி சேற்றில் இறங்காது. அது நகரத்தில் அமர்ந்துகொண்டு நம் நகரத்தாருக்குக் கடன் கொடுத்தது. நகரத்தார் தம் சொந்த முதலையும் சேர்த்து உழவனுக்குக் கடன் கொடுத்தனர். ரங்கூனின் மொகல் தெருவிலிருந்து கழிமுகத்துச் சிற்றூர் வரை வட்டிக்கடைகள் முளைத்தன. மீசை அரும்பாத பையன் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறினான்; அடுத்தாள் ஆனான்; மேலாள் ஆனான். மூன்றாண்டுத் தவணை முடியும் வரை மனைவி முகம் காணாது கணக்கு எழுதினான். 1930-ஐ ஒட்டி ஆராய்ந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, 1,650 கடைகள் என்றும் சுமார் 75 கோடி ரூபாய் முதல் என்றும் மதிப்பிட்டது.

அவர்கள் வாங்கிய வட்டி, மற்ற லேவாதேவிக்காரர் வாங்கியதைவிடக் குறைவு. அதையும் சொல்ல வேண்டும்; மறைத்தால் நேர்மையாகாது. ஆனால், அதோடு நிறுத்தினாலும் நேர்மையாகாது.

1930. உலக மந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. நெல்லை வாங்கிக் கப்பலேற்றிய பெரிய ஆங்கிலக் கம்பெனிகள், 1921 முதலே விலைக்குக் கட்டுப்பாடு பேசிக் கூட்டணி வைத்திருந்தன. வரியோ குறையவில்லை, அதுவும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். உழவன் கடன் கட்ட முடியாது நின்றான். செட்டியார் விரும்பியது பணத்தை, கிடைத்ததோ நிலம். 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 100-க்கு 6 பங்கு நிலம் அவர்கள் பேரில் இருந்தது. 1938-இல் 100-க்கு 25 பங்கு!

எண்ணிப் பார், தோழனே. காடு வெட்டியவனின் பேரன், தன் வயலிலேயே வாரத்துக்கு உழுகிறான். அவன் கண்ணில் படுகிறவர் யார்? விலையை முடிவு செய்த இலண்டன் முதலாளியா? நிலம் ஏலம் போகச் சட்டம் எழுதிய வெள்ளைத் துரையா? இல்லை. பேரேட்டோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் தமிழன்!

துறைமுகத்திலும் இதுவே நடந்தது. 1930 மே மாதம் ரங்கூனில் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியரைக் கூலிக்கு அமர்த்தினர். வேலைநிறுத்தம் தீர்ந்ததும், பர்மியரை வெளியே தள்ளிப் பழைய ஆட்களை உள்ளே அழைத்தனர். பசித்தவனும் பசித்தவனும் மோதிக்கொண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் பிணமாயினர். முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை!

அந்த ஆண்டின் இறுதியில் சயாசான் என்பவர் தலைமையில் உழவர்கள் வெள்ளை ஆட்சியை எதிர்த்தே எழுந்தனர். 1931-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். திருப்பத்தூரில் தொங்கிய அதே கயிறு! மேலே பாய்ந்த கோபத்துக்குத் தூக்கு. பக்கவாட்டில் பாய்ந்த கோபத்துக்கு மட்டும் தெரு முழுவதும் திறந்து கிடந்தது. 1938-இல் மீண்டும் கலவரம். 1942-இல் சப்பானியர் வந்தனர். இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் நடந்தே தாய்நாட்டுக்கு வந்தனர். வழியில் ஆயிரமாயிரவர் மடிந்தனர். ஓடும்போதும் வெள்ளையருக்கு நல்ல வழி வேறு, கறுப்பருக்குக் கொடிய வழி வேறு என்று பிரித்து வைத்தது பேரரசு!

1948-இல் பர்மா விடுதலை பெற்றது. நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1962-இல் நீ வின் என்ற படைத்தலைவர் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளைப் பறித்தார். 50, 100 கியாட் தாள்களைச் செல்லாதவை என்றார். கப்பல் கப்பலாகத் தமிழர் சென்னையில் வந்து இறங்கினர். செட்டியார்கள் மட்டுமல்ல, மூட்டை தூக்கியவர், முடி திருத்தியவர், இட்டலி விற்றவர் எல்லோரும்! சென்னைத் துறைமுகத்தெதிரே பர்மா பசார், காரைக்குடியிலே பர்மா காலனி, மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் ஊர்: எல்லாம் அவர்கள் கண்ணீர் பதிந்த இடங்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கதை.

சென்ற ஆண்டு ஒரு நாடகம் போட்டேன். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவனை அதில் கோமாளியாக்கியிருந்தேன். அவன் தமிழைக் கொச்சையாய்ப் பேசுவான், பான்பராக் துப்புவான், அடி வாங்குவான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னே வந்தார். 1964-இல், சிறுவனாகக் கப்பலில் வந்தவராம்.

"தம்பி, 38-ல அங்கேயும் நம்மள மாதிரி வேஷம் கட்டி, நம்ம பேச்சப் பேசிக் காட்டிச் சிரிப்பாங்களாம். எங்கப்பா சொல்லுவாரு. மொதல்ல சிரிச்சாங்க, அப்புறந்தான் அடிச்சாங்கன்னு."

நான் வாயடைத்து நின்றேன். அவரே தொடர்ந்தார். "நாங்க கெளம்புறப்போ தொறைமொகத்துல எங்கம்மா காதுத் தோட்டக் கூடக் கழட்டி வாங்கிட்டாங்க. ஆனா பக்கத்து வீட்டுப் பர்மாக்காரம்மா எங்களுக்குச் சோறு கட்டிக் குடுத்து, கப்பல் மறையுற வரைக்கும் அழுதுக்கிட்டு நின்னுச்சு. நான் யாரைப் போயி வைய?"

படித்தவர் எழுதிய பல நூல்கள் எனக்குச் சொல்லாததை அந்த ஒரு கேள்வி சொல்லிற்று.

செட்டிநாட்டுக் கடைகளில் ஐந்தொகை எடுப்பார்கள். வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று. பேரரசின் ஐந்தொகையை நாம் எடுத்துப் பார்ப்போம். உழவனுக்கு நிலம் போயிற்று. செட்டியாருக்கு முதல் போயிற்று. கூலிக்காரனுக்கு ஊர் போயிற்று. மரமும் நெல்லும் எண்ணெயும் விற்ற இலாபம் மட்டும் இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அது திரும்பி வரவில்லை. பகையோ இங்கேயே தங்கிவிட்டது. எந்தப் பேரேட்டிலும் ஏறாத கடன் அது. வட்டிக்கு வட்டி சேர்த்து நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்!

உகாண்டாவைப் பார். தன் இரயில் பாதைக்காக இந்தியத் தொழிலாளரைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றான் வெள்ளையன். பின்னர் வந்த இந்திய வணிகரை, தனக்கும் ஆப்பிரிக்கனுக்கும் இடையே நிறுத்தினான். அவன் போன பின், 1972-இல் இடி அமீன், 90 நாளில் வெளியேறு என்றான். யாரை? நடுவிலே நின்றவனை!

பர்மாவையே மறுபடி பார். 1982-இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823-க்கு முன்பே அம்மண்ணில் குடியிருந்த இனத்தாரே முழு உரிமையினர் என்றது. ஏன் 1823? வெள்ளையன் படையெடுத்த ஆண்டுக்கு முந்திய ஆண்டு! ஆண்டவன் போய்ப் பல ஆண்டுகள் ஆயின; அவன் வந்த நாளே, இன்னார் நம்மவர், இன்னார் அயலார் என்று பிரிக்கும் கோடாக இருக்கிறது. 2017-இல் 7 லட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு விரட்டப்பட்டபோதும், 'அயலார்' என்ற அந்தச் சொல்தான் முன்னால் நடந்தது. நெருப்பு அதன் பின்னால் வந்தது.

இனி நம்மைப் பார்ப்போம். திருப்பூரின் பின்னலாலையில், சென்னையின் கட்டடத்தில், காரைக்குடியின் உணவுவிடுதியில் வடநாட்டு இளைஞன் வேலை செய்கிறான். நமக்குக் குறைந்த கூலி கொடுக்க அவனைக் காட்டுகிறான் முதலாளி. அவனுக்குக் குறைந்த கூலி கொடுக்க அவன் ஊர்ப் பஞ்சத்தைக் காட்டுகிறான். ரங்கூன் துறைமுகத்தின் அதே சூழ்ச்சி! மொழித் திணிப்பை எதிர்ப்போம். கடைசி மூச்சு வரை எதிர்ப்போம். ஆனால் திணிக்கிற அதிகாரம் வேறு. தகரப் பெட்டியோடு இரயிலிலிருந்து இறங்குகிற ஏழை வேறு. அதிகாரத்தை நோக்கி உயர வேண்டிய குரலை அந்த ஏழையின் மேல் இறக்குவது வீரமல்ல, தோழனே. வெள்ளையன் விட்டுச் சென்ற பாடத்தை ஒப்பிப்பது!

இருவருக்கும் ஒரே கூலி கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை. ஒப்பந்தக்காரரின் கணக்கைக் கேட்பது உன் வேலை. அந்த இளைஞனை உன் கூட்டத்துக்கு அழைத்து, பக்கத்தில் உட்கார வைப்பதும் உன் வேலையே.

செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கட்டும். அவற்றைச் செதுக்கிய தச்சனின் கை போற்றுதற்குரியது. ஆனால் இனி அந்தத் தூணைத் தொடும்போது, மரக்கணக்குக் கேட்டு நாடிழந்த மன்னனை, வயலிழந்த உழவனை, தோட்டைக் கழற்றிக் கொடுத்த தாயை, சோறு கட்டிக் கொடுத்த அயல்வீட்டாளை, எல்லோரையும் சேர்த்து நினை.

நாடகத்தில் அந்தக் காட்சியை நீக்கிவிட்டேன். கைதட்டல் குறைந்துவிட்டது என்று நடிகர்கள் வருந்துகின்றனர். குறையட்டும். அடுத்த முறை அந்தப் பெரியவர் முன்வரிசையில் வந்து அமரும்போது, அவர் முகத்தை நான் நேராகப் பார்க்க வேண்டும்.