மாமனில்லாத பட்டதாரி

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்து இளைஞனொருவன் மலாயா இருப்புப்பாதை இலாகாவில் எழுதுவினைஞனாக அமர்ந்துவிட்டானாயின், சில காலத்துள் அவன் மருமகனும், பின்னர் மருமகனின் தோழனும் கப்பலேறி அவன் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்வது வழக்கமாயிருந்தது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களிலிருந்து தென்னிலங்கைப் பட்டினங்களுக்குச் சென்று கடை நடத்தியவர்களும் ஊர்ப் பையன்களை அழைத்துக் கல்லாவின் அருகே நிறுத்தி, கணக்கும் சிங்களமும் பழக்கி, ஈற்றில் அவர்கள் தனிக்கடை வைக்கவும் கைகொடுத்தார்கள். மேன்மையான சம்பிரதாயந்தான், ஆயினும் மாமனில்லாதவனுக்கு அது கதவு திறந்ததில்லை.

இன்று தீவகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளிற் பலர் அவ்வாறு மாமனில்லாதவர்களே. நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் பிரயாணஞ்செய்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தை அடையும் ஒரு மாணவி, தன் குடும்பத்தின் முதற் பட்டதாரியாக இருப்பாளாயின், வர்த்தமானியில் வரும் விளம்பரத்தை எவ்வாறு வாசிப்பது, முடிவுத் திகதிக்கு எத்தனை நாள் முன்னதாகப் பதிவுத் தபாலில் விண்ணப்பத்தைச் சேர்ப்பது, கொழும்புத் தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலத்திலே தன்னைப் பற்றி என்ன சொல்வது என்பனவற்றை வீட்டில் யாரிடம் கேட்பாள்? தொழில் வழிகாட்டல் அலகு பல்கலைக்கழகத்தில் உண்டு. ஆனால் கூச்சமுள்ள பிள்ளை அலுவலகக் கதவைத் தட்டுமுன் விடுதியிலுள்ள அக்காவின் கதவையே தட்டும்.

அந்த அக்காவும் அண்ணாவும் என்ன செய்கிறார்கள்? சிரேட்ட மாணவர் புதுமுக மாணவரை வரவேற்கும் விதத்தைக் கண்டு பாராளுமன்றம் 1998இல் பகிடிவதைக்கு எதிராகச் சட்டமே இயற்ற நேர்ந்தது நம் நாட்டின் வெட்கம். அதே பருவத்து மாணவர்தாம் வியக்கத்தக்க உபகாரமும் செய்கிறார்கள்: மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக வினாத்தாள் தயாரித்து முன்னோடிப் பரீட்சை நடத்திவருகிறார்கள். பல்கலைக்கழக வாசல்வரை தம்பி தங்கையரைக் கைபிடித்து வரும் இந்த அன்பு, வாசலைக் கடந்ததும் ஏன் கையை விட்டுவிட வேண்டும் என்பதே என் கேள்வி. பரீட்சைக்கு முன்னோடி இருக்குமாயின் நேர்முகத்துக்கும் இருக்கலாமன்றோ?

சிரேட்டருக்கே உத்தியோகமில்லையே என்று சிலர் நகைக்கக்கூடும். 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் அமர்ந்திருந்த காட்சியை நான் மறந்துவிடவில்லை. ஆனால் நேற்று நேர்முகத்தில் தோற்றுத் திரும்பியவனுக்கே எந்தக் கேள்வியில் நாக்குழறியது, எந்தச் சான்றிதழின் பிரதி இல்லாமற்போயிற்று என்பதெல்லாம் பசுமையாக நினைவிருக்கும். உத்தியோகம் பெற்றுப் பத்தாண்டு கழிந்தவர் அவற்றை மறந்து, தம் திறமையொன்றே காரணமென்று பேசத் தொடங்கிவிடுவார். மேலும், சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுக்கும்படி எவரும் இவர்களைக் கேட்கவில்லை. அது பழைய மாமனின் வேலை.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் இறுதி வருட மாணவர், அதே படகில் வரும் முதலாம் வருடத்தாரைத் தம்மருகே அழைத்து அமர்த்திக்கொண்டால் ஆரம்பத்துக்கு அதுவே போதும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு இறங்குதுறை வருவதற்குள் ஒரு சுயவிவரக் கோவையைத் திருத்தி முடித்துவிடலாம், கச்சான் காற்று தாளைப் பறித்துக்கொண்டு போகாதிருக்குமாயின்.